சாப்டர் 13 தவணை: பட்டனை அழுத்திய நாள் கட்டிய நாள் ஆகாது

நம் ஊரில் திவால் என்றாலே மஞ்சக் கடுதாசிதான். ஆள் கையை விரித்துவிட்டான், கொடுத்தவன் தலையில் துண்டு என்று அர்த்தம். அமெரிக்காவில் சாப்டர் 13 (கடனைத் தவணையில் கட்டுகிற திவால் வகை) போட்டவர்களுக்கு அந்தக் கதையே கிடையாது. இங்கே கட்டத்தான் செய்கிறோம், மாதாமாதம், 3 வருடமோ 5 வருடமோ, நீதிமன்றம் பார்த்து ஒப்புக்கொண்ட பிளான்படி. அந்தப் பணம் நேராகக் கடன் கொடுத்தவர்களிடம் போவதில்லை. நடுவில் டிரஸ்டி என்று ஒருவர் இருக்கிறார், அவர் வாங்கி, தன் கட்டணத்தை (சட்டப்படி 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது) எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பிரித்துக் கொடுக்கிறார். நான் 60 மாதம் கட்டி முடித்தவன். முதல் வருடம் தபால் ஆபீசில் மணி ஆர்டர் வாங்கி அனுப்பினேன், அப்புறம் முழுக்க வங்கிக் கணக்கிலிருந்து ஆன்லைனில். அதில் நான் சொதப்பியதையும் சேர்த்தே எழுதுகிறேன். சட்டக் கேள்விக்கு உங்கள் வக்கீல் இருக்கிறார், இது பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையைப் பற்றி மட்டும்.

இதில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். டிரஸ்டியின் கணக்கில் உங்கள் கேஸ் நம்பருக்கு நேரே வரவு விழுந்த நாள்தான் நீங்கள் கட்டிய நாள். உங்கள் வங்கியில் பணம் கழிந்த நாள் இல்லை, திரையில் பச்சை டிக் வந்த நாளும் இல்லை. கீழே சொல்வதெல்லாம் அந்த இடைவெளியைச் சமாளிப்பது பற்றித்தான்.

முதல் தவணை நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம்

பிளானுக்கு நீதிபதி ஒப்புதல் கொடுத்த பிறகு கட்டத் தொடங்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கேஸ் போட்ட நாள், பிளான் தாக்கல் செய்த நாள் இரண்டில் எது முந்தியதோ அதிலிருந்து 30 நாளுக்குள் முதல் தவணை போயாக வேண்டும் என்று திவால் சட்டத்தின் 1326ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்புதல் அதற்கு அப்புறம் வாரங்கள் கழித்து வரும், சில கேஸ்களில் மாதங்கள்கூட ஆகும். கடன் கொடுத்தவர்கள் கூட்டம் என்று ஒன்று வைப்பார்கள் இல்லையா, கேஸ் போட்டு 21 முதல் 50 நாளுக்குள், அங்கே டிரஸ்டி தரப்பு பார்க்கிற முதல் விஷயங்களில் ஒன்று முதல் தவணை வந்ததா என்பது. வரவில்லை என்றால் கேஸைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்க அதுவே போதும்.

டிரஸ்டி யார் என்று எங்கே பார்ப்பது? கேஸ் போட்ட கொஞ்ச நாளில் நீதிமன்றத்திலிருந்து தபாலில் ஒரு நோட்டீஸ் வரும், 309I என்று படிவ எண் போட்டிருக்கும் (கடைசியில் இருப்பது ஆங்கில ஐ எழுத்து). கேஸ் நம்பர், டிரஸ்டி பெயர், கூட்டத் தேதி எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள், போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து அந்த டிரஸ்டியின் வலைத்தளத்துக்குப் போய் எந்தெந்த வழியில் பணம் வாங்குகிறார் என்று பாருங்கள். இது ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்து மாவட்டத்தில் உங்கள் நண்பர் கட்டுகிற வழி உங்கள் டிரஸ்டியிடம் செல்லாமல் போகலாம். ரொக்கம், சொந்த செக் இரண்டையும் பல டிரஸ்டிகள் வாங்குவதே இல்லை.

மூன்று வழிகள், மூன்றும் ஒன்றல்ல

ஒன்று, சம்பளப் பிடித்தம். நீதிமன்ற உத்தரவு உங்கள் கம்பெனிக்குப் போகும், சம்பளத்திலிருந்து பிடித்து அவர்களே டிரஸ்டிக்கு அனுப்புவார்கள். சில மாவட்டங்களில் இதுதான் வழக்கம், வேண்டாம் என்றால் நீங்கள் காரணம் சொல்ல வேண்டும். ஆபீசில் தெரிந்துவிடுமே என்கிற கூச்சம்தான் நம்மில் பலரை ஆன்லைன் பக்கம் தள்ளுகிறது, என்னையும் அதுதான் தள்ளியது.

இரண்டாவது, டிரஸ்டியோடு ஏற்பாடு செய்துகொண்ட கட்டணச் சேவை. டிஎஃப்எஸ் பில் பே, ஈபே (ஏலம் விடுகிற கம்பெனி இல்லை, டிரஸ்டிகளுக்கான ஈ-பே) மாதிரியானவை. உங்கள் டிரஸ்டி எதைப் பயன்படுத்துகிறார் என்பதை அவர் தளத்தில் இருக்கிற இணைப்பை அழுத்தித்தான் பார்க்க வேண்டும், கூகுளில் தேடிப் போகாதீர்கள். இதில் நீங்கள் அனுமதி கொடுக்கிறீர்கள், சேவை உங்கள் கணக்கிலிருந்து ஏசிஹெச் (வங்கிக்கு வங்கி மின்னணு முறையில் பணம் மாற்றும் அமைப்பு) வழியாகப் பணத்தை இழுக்கிறது. ஒவ்வொரு முறைக்கும் சிறு கட்டணம் இருக்கலாம், அது தவணையில் சேராது.

மூன்றாவது, உங்கள் வங்கியின் பில் பே, அதாவது வங்கித் தளத்திலிருந்தே பில் கட்டுகிற வசதி. இதில் பணத்தை நீங்கள் தள்ளுகிறீர்கள். பார்க்க மின்னணு மாதிரி இருக்கும், ஆனால் பெறுபவர் வங்கியின் பட்டியலில் இல்லை என்றால் வங்கி ஒரு காகிதச் செக்கை அச்சடித்துத் தபாலில் போடும். டிரஸ்டி ஆபீஸ் ஒரு ஊரில் இருக்கும், பணம் வாங்குகிற தபால் பெட்டி வேறு மாநிலத்தில் இருக்கும். டென்னசியின் மெம்ஃபிஸ் நகரில் பெட்டி வைத்திருக்கும் டிரஸ்டிகள் நிறையப் பேர். ஆபீஸ் முகவரியைப் போட்டு அனுப்பினால் அது திரும்பி வரும், அல்லது யாராவது எடுத்து மறுபடி தபாலில் போட வேண்டும், எப்படியும் உங்கள் தேதி போச்சு.

என் கருத்து கேட்டால் இரண்டாவது வழி. பில் பேயில் மெமோ பகுதியில் கேஸ் நம்பரை நாம்தான் எழுத வேண்டும், அது சரியா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். நான் ஒரு மாதம் அவசரத்துக்கு பில் பேயில் போட்டேன். கேஸ் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. பணம் என் கணக்கிலிருந்து போய்விட்டது, வங்கியில் செக் பணமாக்கப்பட்டது என்று காட்டுகிறது, டிரஸ்டி கணக்கில் என் பெயருக்கு எதுவும் இல்லை. 11 நாள். செக்கின் இரண்டு பக்கப் படத்தையும் வங்கித் தளத்திலிருந்து இறக்கி, வக்கீல் ஆபீஸ் வழியாக அனுப்பி, அதற்கு அப்புறம்தான் கண்டுபிடித்து என் பக்கம் மாற்றினார்கள். நல்லவேளை, பணம் தொலையவில்லை. ஆனால் அந்த 11 நாளில் நான் சரியாகத் தூங்கவில்லை.

பதிவு செய்யும்போது

கேஸ் நம்பர் என்பது இரண்டு இலக்க வருடம், ஒரு சிறு கோடு, அப்புறம் பொதுவாக 5 இலக்கம். பின்னால் நீதிபதியின் பெயர் எழுத்துகள் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் அவற்றைத் தட்ட வேண்டியதில்லை. அதே நம்பர் வேறொரு மாவட்டத்தில் வேறொருவருக்கும் இருக்க வாய்ப்பு உண்டு, அதனால் பட்டியலில் டிரஸ்டி பெயரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் நிதானமாக இருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து போட்டிருந்தால் கேஸ் நம்பர் ஒன்றுதான், இரண்டு பேரும் தனித்தனியாகப் பதிந்து இரண்டு தானியங்கித் தவணை வைத்துவிடாதீர்கள்.

அடுத்து வங்கி விவரம். ஒரு செக்கை எடுத்து மேசையில் வையுங்கள். அடியில் விநோதமான கறுப்பு எழுத்தில் எண்கள் ஓடும். இடது ஓரத்தில் 9 இலக்கம், அது ரவுட்டிங் நம்பர், எந்த வங்கி என்று சொல்வது. அதற்கு அடுத்தது அக்கவுண்ட் நம்பர். கடைசியில் குட்டியாக இருப்பது செக் நம்பர், அதன் ஜோடி செக்கின் வலது மேல் மூலையில் இருக்கும், அதை அக்கவுண்ட் நம்பரோடு சேர்த்துத் தட்டிவிடுகிறவர்கள் உண்டு. ரவுட்டிங் நம்பரின் 9ஆவது இலக்கம் ஒரு சோதனை இலக்கம், முதல் எட்டிலிருந்து கணக்குப் போட்டு வருவது, அதனால் அதில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்தால் தளமே பிடித்துவிடும். அக்கவுண்ட் நம்பருக்கு அப்படி எல்லா வங்கிக்கும் பொதுவான காவல் எதுவும் இல்லை. தப்பாக அடித்தால் தளம் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளும், சில நாள் கழித்து அப்படி ஒரு கணக்கே இல்லை என்று திரும்பி வரும். அதனால் இரண்டாவது முறை கேட்கும்போது காப்பி செய்து ஒட்டாமல் செக்கைப் பார்த்துத் தட்டுங்கள். டெபிட் கார்டின் 16 இலக்கம் அக்கவுண்ட் நம்பர் கிடையாது. கிரெடிட் யூனியனில் (கூட்டுறவு வங்கி மாதிரி) கணக்கு வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம்: உங்கள் உறுப்பினர் எண் வேறு, ஏசிஹெச்சுக்குக் கொடுக்க வேண்டிய நீளமான எண் வேறாக இருக்கலாம், அவர்களைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த வங்கிக் கணக்கு என்பதும் முக்கியம். நீங்கள் கடன் பாக்கி வைத்திருக்கும் அதே வங்கியில் கணக்கு இருந்தால், கேஸ் விஷயம் தெரிந்ததும் அந்த வங்கி கணக்கில் இருக்கும் பணத்தைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாம், 1995இல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்திருக்கிறது. கிரெடிட் கார்டு பாக்கி இருக்கிற வங்கியிலிருந்து டிரஸ்டிக்குத் தவணை ஏற்பாடு செய்துவிட்டு, தவணை நாளன்று கணக்கு அசையாமல் நின்றால் என்ன செய்வீர்கள்? கேஸ் போடுவதற்கு முன்பே, கடன் எதுவும் இல்லாத வேறு வங்கியில் ஒரு செக்கிங் அக்கவுண்ட் திறந்து சம்பளத்தை அங்கே திருப்பிவிடுவது பற்றி வக்கீலிடம் பேசுங்கள். புதிய கணக்கையும் கேஸ் தாள்களில் காட்ட வேண்டும், மறைக்கிற வேலை இல்லை.

தேதிக் கணக்கு

இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். ஏசிஹெச் சனி, ஞாயிறு, மத்திய அரசு விடுமுறை நாட்களில் தீர்வாகாது. அதோடு, இழுத்த பணம் திரும்பி வராது என்று உறுதியாகும்வரை சேவைகள் சில வேலை நாள் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் டிரஸ்டிக்கு அனுப்பும். எத்தனை நாள் என்று அவர்கள் தளத்திலேயே எழுதியிருப்பார்கள், அதைப் பாருங்கள். நான் வைத்திருந்த கணக்கு, கெடு தேதிக்கு முழுசாக 10 நாள் முன்னால். நவம்பர் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் இன்னும் இரண்டு நாள் கூட்டிக்கொள்வேன்.

சம்பள நாளுக்கு மறுநாள் இழுக்கும்படி வைப்பது நல்லது, சம்பள நாளன்றே வைக்க வேண்டாம். சம்பளம் காலையில் விழுமா மதியம் விழுமா என்று வேடிக்கை பார்க்கிற நிலைமை வேண்டாமே.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவர்கள் இதைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். மாதத் தவணை 650 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 7,800. வருடத்தில் 26 சம்பளம், ஆக ஒரு சம்பளத்துக்கு 300 டாலர் இழுக்கச் சொன்னால் வருடக் கணக்கு அச்சாக நேராகிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வருடத்தில் 10 மாதம் இரண்டு சம்பளம்தான் வரும், அந்த மாதங்களில் டிரஸ்டிக்குப் போவது 600. ஒவ்வொரு மாதமும் 50 டாலர் குறை, மூன்று சம்பளம் வரும் மாதம்வரை அந்தக் குறை ஏறிக்கொண்டே போகும். டிரஸ்டியின் கம்ப்யூட்டருக்கு உங்கள் சம்பள நாள் தெரியாது, பாக்கி என்றுதான் காட்டும். மாறாக ஒரு சம்பளத்துக்கு 325 வைத்தால் எந்த மாதமும் குறை வராது, வருடக் கடைசியில் 650 டாலர் கூடுதலாகப் போயிருக்கும். அந்தக் கூடுதலை வைத்து பிளான் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், அதற்கு வேறு விதிகள் இருக்கின்றன, ஆனால் ஒரு மாதத் தவணை முன்னதாகவே போயிருப்பது பெரிய நிம்மதி. மாதச் செலவு அதற்கு இடம் கொடுக்கவில்லை என்றால் 300 வைத்துக்கொண்டு, ஆரம்பத்திலேயே ஒருமுறை மட்டும் கொஞ்சம் கூட அனுப்பி வையுங்கள்.

திரும்பி வந்தால்

பணம் போதாமல் திரும்பினால் அதற்கு ஆர்01 என்று குறியீடு. கணக்கு மூடியிருந்தால் ஆர்02, கணக்கைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் ஆர்03, கணக்கு எண்ணே செல்லாது என்றால் ஆர்04. சேவையிலிருந்து வரும் மின்னஞ்சலில் இது ஒரு ஓரத்தில் இருக்கும், அதைப் பார்த்தால் என்ன கோளாறு என்று வங்கியை போனில் பிடித்துக் காத்திருக்காமலே தெரிந்துவிடும். வழக்கமாக இரண்டு வங்கி நாளுக்குள் தெரியவரும்.

ஆர்01 என்றால் பதறிப்போய் உடனே இன்னொரு தவணையை அனுப்பாதீர்கள். ஏசிஹெச் விதிப்படி அப்படித் திரும்பியதை அவர்கள் மறுபடி இழுத்துப் பார்க்கலாம், இரண்டு முறைவரை. நீங்களும் அனுப்பி, அவர்களும் இழுத்தால், மாதக் கடைசியில் வாடகைக்கு வைத்திருந்த பணம் போய்விடும். முதலில் சேவைக்கு போன் செய்து மறுபடி இழுப்பீர்களா, என்றைக்கு என்று கேளுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள். கெடுவுக்குள் போகாது என்று தெரிந்துவிட்டால் அன்றைக்கே வக்கீல் ஆபீசுக்கு ஒரு மின்னஞ்சல். டிரஸ்டி தள்ளுபடி மனு போட்ட பிறகு சொல்வதற்கும் முன்னால் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. கேஸ் தள்ளுபடியாகி ஒரு வருடத்துக்குள் மறுபடி போட்டால், கடன் கொடுத்தவர்களைத் தடுத்து நிறுத்தும் பாதுகாப்பு பொதுவாக 30 நாள்தான் நிற்கும், அதை நீட்டிக்க நீதிமன்றத்தில் தனியாகக் கேட்க வேண்டும். வேலை போய்விட்டது, உடம்பு சரியில்லை என்று நிலைமையே மாறியிருந்தால் பிளானையே திருத்தச் சொல்லிக் கேட்க வழி உண்டு, 1329ஆம் பிரிவு. பேசாமல் தானியங்கியை மட்டும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பதுதான் இருப்பதிலேயே மோசம்.

ஒரு தவணையை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் சேவையின் தளத்தில் நிறுத்துங்கள், அது முடியாமல் போனால் உங்கள் வங்கியிடம் குறைந்தது 3 வேலை நாள் முன்னால் சொல்ல வேண்டும்.

தொகை மாறும், தானியங்கிக்குத் தெரியாது

ஒருமுறை வைத்துவிட்டு மறந்துவிடலாம் என்பதுதான் தானியங்கியின் கவர்ச்சி, அதுவேதான் அதன் கெட்ட குணம். ஒப்புதல் வரும்போது தவணை மாறலாம். சில பிளான்களில் கார் கடன் முடிந்த மாதத்திலிருந்து தொகை ஏறும் என்று முன்கூட்டியே எழுதியிருக்கும். வீட்டுக் கடனையும் டிரஸ்டி வழியாகவே கட்டுகிற மாவட்டமாக இருந்தால், வீட்டு வரியோ இன்சூரன்சோ ஏறும்போது தவணையும் ஏறும், அதற்கு 21 நாள் முன்னதாக நோட்டீஸ் வர வேண்டும். அந்தக் கவரை விளம்பரம் என்று நினைத்துப் பிரிக்காமல் போட்டுவிட்டால் மாதம் 38 டாலர் குறைவாகப் போய்க்கொண்டே இருக்கும். சின்னத் தொகைதானே? 14 மாதத்தில் 532 டாலர்.

சம்பளப் பிடித்தத்திலிருந்து ஆன்லைனுக்கு மாறுபவர்கள், அல்லது ஆன்லைனிலிருந்து பிடித்தத்துக்கு வருபவர்கள், பழையது உண்மையிலேயே நின்றுவிட்டதா என்று சம்பளச் சீட்டிலோ வங்கிக் கணக்கிலோ பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து மாதம் ஒருமுறை டிரஸ்டி கணக்கைப் பார்ப்பது. நேஷனல் டேட்டா சென்டர் என்று ஒரு தளம் இருக்கிறது, நிறைய டிரஸ்டிகளின் சாப்டர் 13 கணக்குகள் அதில் உண்டு, கேஸ் போட்டவர்கள் தங்கள் கணக்கை இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் டிரஸ்டி அதில் இல்லை என்றால் அவர் தளத்திலேயே வழி இருக்கும், அல்லது ஆபீசைக் கேளுங்கள். நான் ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி வாக்கில் பார்ப்பேன்: என்ன வரவு, எந்தத் தேதி, யாருக்குப் போனது. வங்கி ஸ்டேட்மெண்டில் பெயர் வேறாக இருக்கலாம், டிரஸ்டி பெயருக்குப் பதில் சேவையின் பெயர் இருக்கும், அதைப் பார்த்து யாரோ திருடிவிட்டார்கள் என்று வங்கியில் புகார் கொடுத்துவிடாதீர்கள். அப்படிக் கொடுத்தால் தவணை திரும்பி வந்துவிடும், வீட்டில் கூட்டுக் கணக்கு என்றால் மற்றவரிடமும் சொல்லி வையுங்கள்.

அப்புறம், டிரஸ்டி ஆபீசிலிருந்து பேசுகிறோம், இன்றைக்குள் ஜெல்லில் (Zelle, போனில் உடனே பணம் அனுப்புகிற சேவை) அனுப்பாவிட்டால் கைது என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். கேஸ் விவரம் பொது ஆவணம், உங்கள் பெயரும் வக்கீல் பெயரும் நம்பரும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், அதைச் சொல்கிறார்கள் என்பதற்காக நம்ப வேண்டியதில்லை.

கடைசித் தவணை

60ஆவது முறை இழுத்ததும் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். எங்கோ ஒரு குறை நின்றிருக்கலாம், வீட்டுக் கடன்காரரோ வரித்துறையோ கேட்ட தொகை பிளானில் போட்டதைவிடக் கூடுதலாக இருந்திருக்கலாம். எல்லாம் கட்டியாயிற்று என்று டிரஸ்டி தரப்பில் எழுத்தில் வரும்வரை தானியங்கியைக் கைவைக்காதீர்கள். கேஸ் போட்டவர்கள் முடிக்க வேண்டிய, பணம் கையாள்வது பற்றிய வகுப்பை இன்னும் முடிக்கவில்லை என்றால் அதையும் முடித்துச் சான்றிதழைத் தாக்கல் செய்யுங்கள், அது இல்லாமல் கடன் விடுதலை உத்தரவு வராது.

எழுத்தில் வந்த அன்றே போய் நிறுத்துங்கள். நான் இரண்டு வாரம் சந்தோஷத்தில் மறந்துவிட்டேன், 61ஆவது தவணையும் போய்விட்டது. கூடுதலாகப் போனதைத் திருப்பி அனுப்பினார்கள், காகிதச் செக்காக, தபாலில். மெமோவில் என் கேஸ் நம்பர் அச்சாகியிருந்தது, இலக்கம் எதுவும் இடம் மாறாமல்.